கீமோதெரபி பெறுவோருக்குச் சோறு ஏன் கசக்கிறது?

துபாயின் சத்வா பகுதியில், ஷேக் ஸாயித் சாலையின் வானுயர்ந்த கட்டடங்களுக்கும் ஜுமைரா கடற்கரைப் பகுதிக்கும் இடையே, உயரம் குறைந்த பழைய வீடுகளில் ஒரே சமையலறையைப் பலர் பகிர்ந்துகொண்டு வாழ்ந்துவருகிறார்கள். தையற்கடைகளிலும், துணிக்கடைகளிலும், சிறு உணவகங்களிலும், கட்டட வேலைகளிலும் இருக்கும் இந்தியர்கள், பாகிஸ்தானியர்கள், பிலிப்பினோக்கள் எனப் பல நாட்டவர்கள் நெருங்கி வாழும் இடம் இது. 2008ஆம் ஆண்டில் ஜுமைரா கார்டன் சிட்டி என்ற பெருந்திட்டத்துக்காக இப்பகுதியின் பெரும்பாகத்தை இடித்துக் கட்டும் முயற்சி எழுந்து, அதே காலகட்டத்தில் வந்த நிதி நெருக்கடியால் தடைப்பட்டது. ஓர் அறையில் கட்டில் அளவு இடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்து வாழ்வதை வளைகுடாவில் 'பெட் ஸ்பேஸ்' என்கிறார்கள். அவ்வாறு வாழ்பவர் என்ன சாப்பிடுவது என்பதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் வேறொருவர். அறை நண்பர்கள் முறை வைத்துச் சமைப்பார்கள், அல்லது மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு மெஸ் ஒன்று உணவு அனுப்பும்.

இத்தகைய அறையில் இருக்கும் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டு, கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சை தொடங்கும்போது, உடனிருப்பவர்கள் தலைமுடி உதிர்வதை எதிர்பார்த்தே இருப்பார்கள். வாந்தி வரும் என்பதும் தெரிந்திருக்கும். நேற்றுவரை விரும்பிச் சாப்பிட்ட மீன் குழம்பை இன்று அவர் வாயருகே கொண்டுசெல்ல முடியாமல் தட்டை ஒதுக்குவார் என்பதைத்தான் பெரும்பாலும் எவரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். தண்ணீர் துருப்பிடித்த இரும்புபோல் இருக்கிறது என்பார். இட்லி அட்டையை மெல்லுவதுபோல் இருக்கிறது என்பார். இதைக் கேட்பவர்கள், நோயாளி மனம் தளர்ந்துவிட்டார் என்றோ, சமைத்தவரைக் குறை சொல்கிறார் என்றோ எடுத்துக்கொள்வது வழக்கம். உண்மையில் அவர் தன் நாக்கில் நடப்பதை அப்படியே விவரிக்கிறார் என்பதே மருத்துவ அறிவியல் சொல்வது.

கீமோதெரபி பெறுவோரில் எத்தனை பேருக்கு ருசி மாறுகிறது என்பது பற்றிய ஆய்வுகளின் முடிவுகள், மருந்துக்கும் கேள்வி கேட்கப்பட்ட முறைக்கும் ஏற்ப வேறுபடுகின்றன. எனினும் ஏறத்தாழ பாதிப் பேர் முதல் ஐந்தில் நான்கு பேர் வரை இந்த மாற்றத்தைச் சந்திக்கிறார்கள் என்று அவற்றைத் தொகுத்துச் சொல்லலாம். இவ்வளவு பரவலான ஒரு விளைவு குறித்து இவ்வளவு குறைவாகப் பேசப்படுவதற்குக் காரணம், அது உயிருக்கு ஆபத்தானதல்ல என்ற எண்ணமாக இருக்கக்கூடும். அந்த எண்ணம் முழுக்கச் சரியானதல்ல. சாப்பிடாதவர் எடை இழக்கிறார், உடலில் நீர்ச்சத்து குறைகிறது. அப்படி நேரும்போது அடுத்த சுற்று மருந்து தள்ளிப்போகலாம், அல்லது மருந்தின் அளவைக் குறைக்க நேரிடலாம்.

பத்து நாள் வாழும் அணுக்கள்

நாக்கிலும், அண்ணத்தின் பின்பகுதியிலும், தொண்டையின் மேற்புறத்திலுமாக மனிதருக்குச் சில ஆயிரம் சுவை மொட்டுகள் உள்ளன. ஒவ்வொரு மொட்டிலும் 50 முதல் 100 வரை உயிரணுக்கள் இருக்கின்றன. சூடான தேநீரும், கரகரப்பான முறுக்கும், எலுமிச்சைப் புளிப்பும் அன்றாடம் தாக்குகிற இடம் என்பதால், இந்த அணுக்கள் நெடுநாள் வாழ்வதில்லை. சராசரியாகப் பத்து நாட்களில் பழையவை உதிர்ந்து புதியவை அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன.

கீமோதெரபி மருந்துகளில் பலவற்றின் இயல்பே, வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குவதுதான். புற்றுநோய் அணு எது, முடியின் வேரில் உள்ள அணு எது, குடலின் உட்சுவர் எது, நாக்கின் சுவை அணு எது என்று அவற்றால் தெளிவாகப் பிரித்தறிய இயலாது. புதிய சுவை அணுக்கள் உருவாவது தடைப்படும்போது, உதிர்ந்த இடங்கள் சில நாட்கள் காலியாகவே கிடக்கின்றன. பலருக்கு மருந்து ஏற்றிய அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமல், சில நாட்கள் கழித்தே ருசி மங்கத் தொடங்குவதும், அடுத்த சுற்று நெருங்கும் வேளையில் ஓரளவு மீள்வதும் இதனால்தான்.

காலியிடம் மட்டும் என்றால் எல்லாம் சப்பென்று இருக்கவேண்டும். ஆனால் பலருக்குக் கசப்பும் உலோக வாடையும் கூடுதலாகத் தெரிகின்றன. இதற்குப் பல காரணங்கள் உண்டு. சில மருந்துகளே கசப்பானவை, இரத்தத்திலிருந்து உமிழ்நீருக்குள் கசிந்து நாக்கை அடைபவை. மருந்து நரம்பில் ஏறிக்கொண்டிருக்கும்போதே அதன் சுவையை வாயில் உணர்வதாகச் சொல்வோரும் இருக்கிறார்கள். உமிழ்நீர் குறைந்து வாய் உலர்ந்துபோவதும் ஒரு காரணம். உணவு உமிழ்நீரில் கரைந்தால்தான் சுவை மொட்டுக்குள் நுழைய முடியும். சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டின வகை மருந்துகளும், சைக்ளோஃபாஸ்ஃபமைட், டாக்ஸோரூபிசின், பாக்லிடாக்ஸெல், டோசிடாக்ஸெல் ஆகியவையும் ருசி மாற்றத்தோடு அடிக்கடி தொடர்புபடுத்தப்படும் மருந்துகள். இவற்றில் பல மார்பகம், நுரையீரல், கருப்பை, சினைப்பை ஆகிய உறுப்புகளின் புற்றுநோய்களுக்குத் தரப்படுபவை.

நாக்கைப் பற்றிய இந்தக் கதையில் தென்னிந்தியர் ஒருவருக்கும் முக்கிய இடம் உண்டு. பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ், ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குத் தன் சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தவர். உணவிலிருந்து சத்துகளை உடல் ஏற்க முடியாமல் போகும் அந்நோயின் அடையாளங்களில் ஒன்று, நாக்கு சிவந்து புண்ணாவது. அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, அவரது தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதற்கு நேரெதிராகச் செயல்படும் அமினோப்டெரின் என்ற மருந்தும் அங்கேயே உருவானது. பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் அம்மருந்தை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்து, சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. உடலில் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதால் புற்றுநோய் அணு மடிகிறது. அதே காரணத்தால் நோயாளியின் வாயும் புண்ணாகிறது. நாக்கைக் காத்த பொருளைத் தலைகீழாக்கியபோது புற்றுநோய்க்கு மருந்து கிடைத்தது என்பது மருத்துவ வரலாற்றின் வினோதங்களில் ஒன்று.

காரம் மட்டும் மிஞ்சுவது ஏன்?

இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு என்று சுவை ஆறு எனக் கொள்வது தமிழ் மரபு. இன்றைய உடலியல் இந்தப் பட்டியலில் முதல் நான்கை ஏற்று, ஐந்தாவதாக இறைச்சிச் சாறு, காளான், தக்காளி போன்றவற்றில் உள்ள உமாமி என்ற சுவையைச் சேர்க்கிறது. கார்ப்பையும் துவர்ப்பையும் அது சுவை என்று கருதுவதில்லை. மிளகாயில் உள்ள காப்சைசின் என்ற பொருள், சூட்டையும் வலியையும் மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அந்த நரம்பு முனையில் உள்ள ஏற்பியை அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997ஆம் ஆண்டில் அடையாளம் கண்டனர். அதற்காக அவருக்கு 2021ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

பட்டியல் குறித்த இந்த வேறுபாடு, கீமோதெரபி பெறும் தமிழர் ஒருவரின் தட்டில் மிகத் துல்லியமாக வெளிப்படுகிறது. சாம்பாரில் உப்பு தெரியாது, புளி மங்கும், பருப்பின் மென்மையான இனிப்பு காணாமற்போகும். ஆனால் மிளகாய் சுவை மொட்டை நம்பியிருக்கவில்லை. அது வலி நரம்பின் வழியாக வருவதால் அப்படியே நிற்கிறது. மருந்தினால் வாயின் உட்தோல் மெலிந்து புண்ணாகியிருந்தால் முன்னைவிடக் கடுமையாகவே எரிகிறது. மற்றச் சுவைகள் சமன் செய்துவந்த காரம் தனித்து நிற்கும்போது, அதே குழம்பு அதே கையால் சமைக்கப்பட்டும் வேறொரு பொருளாகிவிடுகிறது. வீட்டுச் சமையலானாலும் மெஸ் சமையலானாலும், ருசி போய்விட்டது என்று கேட்டவுடன் இன்னும் கொஞ்சம் மிளகாய் சேர்ப்பது இயல்பாக நடப்பது. வாயில் புண் இல்லாத சிலருக்கு அது உதவுவதும் உண்டு. புண் இருக்கும்போது அது தீங்கையே செய்யும்.

மூக்கின் பங்கும் இதில் பெரிது. உணவை மெல்லும்போது எழும் மணம் தொண்டையின் பின்புறமாக ஏறி மூக்கை அடைகிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு உண்மையில் இந்த மணமே. மூக்கிலுள்ள மணம் அறியும் அணுக்களும் புதுப்பிக்கப்படுபவை, எனவே மருந்துக்கு ஆட்படுபவை. சிலருக்கு மணம் மங்குகிறது. வேறு சிலருக்கு அது தாங்க முடியாத அளவு கூர்மையாகத் தோன்றுகிறது. கடுகு, வெங்காயம், கறிவேப்பிலை தாளிக்கும் வாசனையே குமட்டலைக் கிளப்பிவிடும். தனி வீட்டில் இருப்பவர் சமைக்கும் நேரத்தில் வெளியே போய் உட்காரலாம். சன்னல்களை மூடி ஏசி ஓடும் சத்வா அறையில், மூன்று நாட்டவர் மூன்று வேளைகளில் சமைக்கும் பொதுச் சமையலறையின் புகை எங்கும் போவதில்லை. கோடையில் வெப்பநிலை 45 பாகையை எட்டும்போது வெளித்திண்ணையும் புகலிடம் ஆகாது.

மூளை கற்றுக்கொள்ளும் வெறுப்பு

நாக்கும் மூக்கும் சொல்லும் கதை பாதிதான். மீதி மூளையில் நடப்பது. ஒன்றைச் சாப்பிட்ட பிறகு குமட்டலும் வாந்தியும் வந்தால், அந்த உணவே காரணம் என்று உடல் பதிவு செய்துகொள்கிறது. நஞ்சிலிருந்து தப்ப உயிரினங்களுக்கு வாய்த்துள்ள பழைய ஏற்பாடு இது. அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியாவும் உடன் ஆய்வாளர்களும், இனிப்பு நீரைக் குடித்த பின் கதிர்வீச்சுக்கு உட்பட்ட எலிகள் பின்னர் அந்த நீரைத் தவிர்ப்பதை 1955ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். இதில் தர்க்கத்துக்கு இடமில்லை. வாந்திக்குக் காரணம் மருந்துதான் என்று நன்றாகவே தெரிந்த மனிதரிடமும் இந்தப் பதிவு நடந்தே தீரும்.

இதனைப் புற்றுநோய்ச் சிகிச்சையில் நிரூபித்தவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐலீன் பெர்ன்ஸ்டைன். 1978ஆம் ஆண்டில் வெளியான அவரது ஆய்வில், கீமோதெரபி பெறவிருந்த குழந்தைகளுக்கு அதற்குச் சற்று முன்னர், அவர்கள் அதுவரை ருசித்திராத ஒருவகை ஐஸ்கிரீம் கொடுக்கப்பட்டது. சில வாரங்கள் கழித்து, அதே ஐஸ்கிரீம் வேண்டுமா, விளையாட்டு வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது அக்குழந்தைகளில் 21 சதவீதத்தினரே ஐஸ்கிரீமைத் தேர்ந்தெடுத்தனர். ஐஸ்கிரீமையும் இத்தகைய மருந்தையும் சேர்த்துப் பெறாத ஒப்பீட்டுக் குழுக்களில் இது 67 சதவீதமாகவும் 73 சதவீதமாகவும் இருந்தது. ஐஸ்கிரீமையே வெறுக்கவைக்கும் வல்லமை இந்தப் பதிவுக்கு உண்டு என்றால், மற்ற உணவுகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

இதிலிருந்து ஒரு நடைமுறை எச்சரிக்கை பிறக்கிறது. அது குடும்பங்களின் இயல்பான பாசத்துக்கு நேரெதிரானது. மருந்து ஏற்றும் நாளன்று நோயாளிக்கு மிகவும் பிடித்த உணவைச் சமைத்துக் கொண்டுபோவதுதான் வழக்கம். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த கருவாடாக இருக்கலாம், அம்மாவின் கைப்பக்குவத்தில் வைத்த வத்தக்குழம்பாக இருக்கலாம். அந்த நாளில் கொடுத்தால், குமட்டலோடு சேர்ந்து அது மூளையில் பதிந்து, சிகிச்சை முடிந்த பிறகும் நெடுநாள் அதை அண்ட முடியாமல் போகக்கூடும். அயல்நாட்டில் இருப்பவருக்கு ஊரின் சுவை எத்தகைய ஆறுதல் என்பதை எண்ணினால், இது சிறிய இழப்பல்ல. மருந்து நாளுக்கும் அதை ஒட்டிய ஓரிரு நாட்களுக்கும், பெரிதாக விருப்பும் வெறுப்பும் இல்லாத எளிய உணவே தகும்.

பெர்ன்ஸ்டைன் இதற்கு ஒரு தந்திரத்தையும் சோதித்துப் பார்த்தார். 1987ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், குழந்தைகள் உணவருந்திய பின், மருந்து ஏறுவதற்கு முன், தேங்காய் போன்ற அழுத்தமான சுவையுடைய மிட்டாய் கொடுக்கப்பட்டது. பழி மிட்டாயின் மேல் விழ, உணவு பெருமளவு தப்பியது. பலியாடாக ஒரு மிட்டாயைக் கொடுக்கும் இந்த உத்திக்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் அது பரவலாக அறியப்படாமலே இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஒன்டான்ஸெட்ரான் போன்ற வாந்தி தடுப்பு மருந்துகள் வந்த பிறகு இத்தகைய வெறுப்புக்கான வாய்ப்பு குறைந்துள்ளது. முற்றிலும் நீங்கிவிடவில்லை.

பொதுச் சமையலறையில் என்ன இயலும்?

ருசி மாற்றத்தை நீக்கும் மருந்து என்று உறுதியாகச் சொல்லத்தக்கது எதுவும் இன்றுவரை இல்லை. துத்தநாகச் சத்து மாத்திரைகள் பலகாலம் பேசப்பட்டன. ஆனால் கீமோதெரபி பெறுவோரிடமும், தலை கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெறுவோரிடமும் நடந்த முறையான ஒப்பீட்டு ஆய்வுகளில் அவை குறிப்பிடத்தக்க பலனைத் தரவில்லை. உடலில் துத்தநாகக் குறைபாடு இருப்பவரின் நிலை வேறு, அதனை மருத்துவர் சோதித்துச் சொல்லவேண்டும். புளிப்பை இனிப்பாகத் தோன்றச் செய்யும் ஆப்பிரிக்கப் பழம் ஒன்றைப் பற்றியும் பேச்சு உண்டு. அது குறித்த ஆய்வுகள் மிகச் சிறியவை.

ஆகவே எஞ்சியிருப்பது உணவையும் உண்ணும் முறையையும் மாற்றிக்கொள்வதே. மாற்றம் எவ்வகையானது என்பதைப் பொறுத்துப் பரிகாரமும் மாறும். உலோக வாடை முதன்மையாக இருந்தால், எவர்சில்வர் தட்டையும் தம்ளரையும் கரண்டியையும் ஒதுக்கி, பீங்கான், கண்ணாடி, மரம் அல்லது பிளாஸ்டிக் பாத்திரங்களுக்கு மாறுமாறு உணவு ஆலோசகர்கள் சொல்வது வழக்கம். கையால் உண்ணும் தமிழர்களுக்குக் கரண்டியின் தொல்லை பாதி இல்லை. இறைச்சியில்தான் உலோக வாடையும் கசப்பும் அதிகமாகத் தெரிவதாகப் பலர் சொல்கிறார்கள். அப்போது முட்டை, தயிர், பருப்பு, பயறு, பனீர் ஆகியவற்றின் வழியாகப் புரதத்தைப் பெறலாம்.

எல்லாம் சப்பென்று இருந்தால் எலுமிச்சை, புளி, மோர், கொத்தமல்லி, இஞ்சி ஆகியவை கைகொடுக்கும், வாயில் புண் இல்லாதவரை. இதில் ஒரு விலக்கும் உண்டு. கிரேப்ஃப்ரூட் பழமும் அதன் உறவான பம்ப்ளிமாஸும் புற்றுநோய் மருந்துகள் சிலவற்றின் அளவை இரத்தத்தில் மாற்றிவிடக்கூடியவை என்பதால், மருத்துவரைக் கேட்காமல் உண்ணலாகாது. ஊரிலிருந்து அன்போடு அனுப்பப்படும் கஷாயப் பொடிகளுக்கும் இதே விதிதான்.

மணம் தொல்லை தருகிறவர்களுக்கு, சூடான உணவைவிட ஆறிய உணவு நல்லது. சூடு குறையும்போது மணம் எழுவதும் குறைகிறது. தயிர்சாதம், ஆறிய இட்லி, கஞ்சி ஆகியவை தமிழர்களிடம் ஏற்கெனவே உள்ள விடைகள். துபாயில் ரமளான் மாதத்தில் தமிழக முஸ்லிம்கள் காய்ச்சி வழங்கும் நோன்புக் கஞ்சியும், மசாலாவையும் இஞ்சி பூண்டையும் குறைத்துச் செய்தால் இத்தகையவர்களுக்கு ஏற்ற உணவே. நோயுற்றோருக்கு நோன்பிலிருந்து மார்க்கத்தில் விலக்கு இருப்பதால், சிகிச்சையில் உள்ளவர் பகலில் உண்ணாதிருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஆனால் குளிர்ந்த உணவு என்ற அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது. பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து, குளிர்ச்சிக்கு நரம்புகளை அளவுக்கு மீறி உணர்வுடையவையாக்குகிறது. அதைப் பெற்ற அடுத்த சில நாட்களில் ஒரு மிடறு குளிர்ந்த நீர் தொண்டையை இறுக்கி, மூச்சே நின்றுவிடும் என்ற பீதியைத் தரக்கூடும். கடையில் கேட்டாலும், வேலையிடத்தில் கேட்டாலும் குளிரூட்டப்பட்ட நீரே கைக்கு வரும் வளைகுடாவில், இம்மருந்து பெறுவோருக்கு இது முன்னரே சொல்லப்படவேண்டிய செய்தி.

இனிப்பு குறித்தும் தனியாகச் சொல்லவேண்டும். சிலருக்கு இனிப்பு மட்டுமே சரியாகத் தெரிய, பழச்சாறும் பாயசமும் அன்றாட உணவாகிவிடுகின்றன. வாந்தியைத் தடுக்கக் கீமோதெரபியோடு சேர்த்துத் தரப்படும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, இரத்தச் சர்க்கரையைக் கூட்டும் தன்மையுடையது. நீரிழிவு பரவலாக உள்ள தெற்காசியர்களிடம் இவ்விரண்டும் சேர்வது ஆபத்தானது. உப்புச் சுவை தெரியாமல் கைநிறைய உப்பை அள்ளிப்போடும் இரத்த அழுத்த நோயாளியின் நிலையும் இத்தகையதே.

உணவு கெட்டுப்போனதை நமக்கு முதலில் சொல்வது மூக்கும் நாக்கும். கீமோதெரபியின் ஒவ்வொரு சுற்றிலும் பெரும்பாலும் முதல் வாரத்துக்கும் இரண்டாம் வாரத்துக்கும் இடையே வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்து, தொற்றை எதிர்க்கும் ஆற்றல் தாழ்ந்திருக்கும். ருசி மாறிய நாட்களும் அதனை ஒட்டியே வரக்கூடும். காலையில் வந்த மெஸ் பொட்டலம் வெளியிலேயே இருந்து, தேங்காய்ச் சட்னி புளித்துப்போயிருந்தாலும், அவருக்கு எல்லாமே விசித்திரமாக இருப்பதால் வேறுபாடு தெரியாது. எனவே அவர் உண்பதற்கு முன் வேறொருவர் ருசித்து அல்லது முகர்ந்து பார்ப்பது, அறை நண்பர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி. சமைத்து நெடுநேரம் வெளியில் இருந்த எதையும் கொடுக்காமலிருப்பது இன்னும் நல்லது.

உண்பதற்கு முன் வாய் கொப்பளிப்பது, எளிமையாலேயே அலட்சியப்படுத்தப்படும் வழிமுறை. ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு தேக்கரண்டி உப்பும் கலந்து கொப்பளித்தால், வாயில் தங்கிய பழைய ருசி ஓரளவு நீங்கும், புண்களுக்கும் இதமாக இருக்கும். விழுங்கக்கூடாது. சாராயம் கலந்த கடை மருந்து நீர்கள் உலர்ந்த வாயை மேலும் உலர்த்துபவை.

யார் சமைப்பது?

இவையெல்லாம் நோயாளியின் அருகில் அவருக்கென்று சமைக்க ஒருவர் இருந்தால் எளிது. வளைகுடாவில் குறைந்த ஊதியத்தில் இருப்போரில் பலருக்கு அது இல்லை. மெஸ்ஸில் ஐம்பது பேருக்கு ஒரே குழம்பு. வீட்டுப் பணியில் உள்ள இலங்கைப் பெண் ஒருவர் சமைப்பதோ வேறொரு குடும்பத்தின் ருசிக்கு. துபாயில் 2013ஆம் ஆண்டின் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்துக்குப் பின் முதலாளிகள் தம் ஊழியர்களுக்குக் காப்பீடு எடுப்பது கட்டாயமாயிற்று. குறைந்த ஊதியத்தினருக்கான அடிப்படைத் திட்டத்தின் ஆண்டு வரம்பு 150,000 திர்ஹம் என வகுக்கப்பட்டது. மார்பகம், பெருங்குடல், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களின் சிகிச்சைக்குத் துணையாக 'பஸ்மா' என்ற ஏற்பாடும் பின்னர் வந்தது. மருந்துக்கு வழி ஓரளவு உண்டு. நோயாளியின் அன்றாடத் தட்டில் என்ன விழுகிறது என்பது எந்தக் காப்பீட்டுக்குள்ளும் வருவதில்லை.

இதனாலேயே, சிகிச்சை இங்கேயே கிடைக்கும்போதும், பலர் சென்னை அடையாறு, வேலூர், திருவனந்தபுரம், மஹரகம, தெல்லிப்பளை என்று ஊர்ப்பக்கத்துப் புற்றுநோய் மையங்களை நாடுவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. பணமும் விசாவும் அதில் பெரிய காரணங்கள் என்பது உண்மையே. கஞ்சி வைத்துத் தர ஓர் ஆள் வேண்டும் என்பதும் அவற்றுக்குக் குறையாத காரணம்.

இழந்த ருசி பெரும்பாலானவர்களுக்குத் திரும்பிவிடும். கீமோதெரபி மட்டும் பெற்றவர்களுக்குக் கடைசிச் சுற்றுக்குப் பின் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அது நிகழ்கிறது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சேதமடைவதால் கூடுதல் காலம் பிடிக்கிறது. வெற்றிலை பாக்கும் புகையிலையும் மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்றுநோய் மிகுந்த நம் சமூகங்களில் இத்தகையோர் பலர். சிகாகோவின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் கிராண்ட் ஆக்கட்ஸ், 2007ஆம் ஆண்டில் நாக்குப் புற்றுநோய்க்காகக் கீமோதெரபியும் கதிர்வீச்சும் பெற்றபோது ருசியை முற்றிலும் இழந்தார். ருசியறியாமலே தன் உணவகத்தை நடத்தினார். பின்னர் முதலில் இனிப்பும், அதன்பின் மற்றவையும் ஒவ்வொன்றாகத் திரும்பியதாகவும், ஒரு குழந்தை ருசிகளைப் படிப்படியாக அறிவதுபோல் அது இருந்ததாகவும் அவர் பின்னாளில் விவரித்திருக்கிறார்.

இதற்கிடையே, மருத்துவரிடம் சொல்லவேண்டியதை நோயாளிகள் சொல்வதில்லை என்பது ஒரு குறை. காய்ச்சலும் வாந்தியும் கேட்கப்படுகின்றன, ருசி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. வளைகுடா மருத்துவமனையில் தாதிக்கும் நோயாளிக்கும் பொதுமொழி அரைகுறை ஆங்கிலமோ இந்தியோதான் என்றால், 'ருசி இல்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு அது முடிந்துவிடும். சப்பென்று இருக்கிறதா, கசக்கிறதா, இரும்பு வாடையா, எரிகிறதா, வாசனையே ஆகவில்லையா என்று பிரித்துச் சொன்னால் பரிகாரமும் பிரிந்து தெரியும். நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ தயிர்த் திட்டுகளைப்போல வெண்படலம் தெரிந்தால், அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு அது எளிதில் வரும், ருசியையும் கெடுக்கும். தகுந்த மருந்து கிடைத்தால் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் அது நீங்கிவிடும்.